ஜிடிஎஃப்எஸ் தரத்துக்கு வாக்கெடுப்பு: நினைத்த நாளிலா, குறித்த நாளிலா?

தடம்எண் | கோவை | 2024 ஏப்ரல் 6

போன மாதம் ஜிடிஎஃப்எஸ் தரத்தில் ஃப்ளெக்ஸ் என்ற புதுச் சேர்க்கை வாக்கெடுப்பில் நிறைவேறிவிட்டது. கூப்பிட்டால் வரும் வண்டி, தடத்தைவிட்டு ஊருக்குள் நுழைந்து திரும்பும் வண்டி போன்றவற்றை இனி ஜிடிஎஃப்எஸ் ஃபீடில், அதாவது போக்குவரத்து நிறுவனம் வெளியிடும் தரவுப் பொட்டலத்தில், முறைப்படி எழுதலாம். பத்தாண்டுக்கும் மேலாகப் பேசி வந்த விஷயம் இது. அதற்கான வாக்கெடுப்பு நடந்ததே நம் ஊரில் ஃபீட் வேலை பார்ப்பவர்களில் பலருக்கு முடிந்த பிறகுதான் தெரிந்தது. இந்த இழையைத் தொடங்கியதற்குக் காரணம் அதுதான்.

புதிதாக வாசிப்பவர்களுக்காக: பேருந்து, ரயில் கால அட்டவணையை எல்லாச் செயலிகளும் படிக்கும்படி எழுதி வைக்கும் திறந்த தரம்தான் ஜிடிஎஃப்எஸ். 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ட்ரைமெட் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் சேர்ந்து தொடங்கினார்கள். ஒரு ஜிப் பொட்டலம், உள்ளே நிறுத்தங்கள், தடங்கள், நடைகள், நேரங்கள் என்று சில உரைக் கோப்புகள், அவ்வளவுதான். எக்செல் தெரிந்த யாரும் திறந்து பார்க்கலாம். அந்த எளிமைதான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. டில்லியும் கொச்சி மெட்ரோவும் 2018இலேயே தங்கள் தரவை இந்த வடிவில் பொதுவில் வைத்தன.

மாற்றம் வருவது இப்படி. யார் வேண்டுமானாலும் தரம் வைக்கப்பட்டிருக்கும் கிட்ஹப் இணையதளத்தில் முன்மொழியலாம். குறைந்தது 7 நாள் பேச்சு. அதற்கப்புறம் எந்த நாளிலும் முன்மொழிந்தவரே வாக்கெடுப்பு அறிவிக்கலாம். அதற்கு முன் ஃபீட் தயாரிப்பவர் ஒருவரும், ஃபீடைப் படித்துப் பயன்படுத்துபவர் ஒருவரும் அந்த மாற்றத்தைச் செய்து காட்டியிருக்க வேண்டும். வாக்கெடுப்பின் காலம், 7 முழு நாட்காட்டி நாட்களும் 5 முழு சுவிஸ் வேலை நாட்களும் அடங்கும் அளவுக்கு. யுடிசி (உலகப் பொது நேரம்) 23:59:59க்கு முடியும், அதாவது நமக்கு மறுநாள் விடியற்காலை ஐந்தரை. முன்மொழிந்தவரின் வாக்கு கணக்கில் சேராது. மற்றவர்களிடமிருந்து குறைந்தது 3 ஆதரவு வேண்டும், ஒரு எதிர்ப்புகூட இருக்கக் கூடாது.

செய்து காட்டிவிட்டு வாக்குக்கு வா என்பது அருமையான விதி. யாரும் வாக்களிக்கலாம் என்பதும் அப்படித்தான். என் குறை ஒன்றே ஒன்று: வாக்கெடுப்பு எப்போது வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தினமும் கிட்ஹப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மட்டும் தெரியும். அதையே வேலையாகச் செய்பவர்கள் செயலி நிறுவனங்களிலும், மென்பொருள் விற்கும் நிறுவனங்களிலும், ஆலோசனை நிறுவனங்களிலும்தான் இருக்கிறார்கள். ஒரு போக்குவரத்துக் கழகத்தில் ஃபீட் பார்க்கும் ஆள், அதோடு இன்னும் நாலு வேலை பார்க்கிறார். ஏழு நாளில் அவர் தகவலைக் கண்டு, படித்து, மேலதிகாரியிடம் பேசி, சம்மதம் வாங்கி வாக்களிப்பது நடக்கிற காரியமில்லை.

என் யோசனை: ஆண்டுக்கு நான்கு வாக்கெடுப்புக் காலம். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். ஒவ்வொன்றும் இரண்டு வாரம். தேதிகள் முந்தைய ஆண்டே வெளியாக வேண்டும். வாக்குக்கு வரும் வாசகம் மூன்று வாரம் முன்பே உறைந்துவிட வேண்டும், அதன்பின் ஒரு காற்புள்ளிகூட மாறக் கூடாது. கருத்துச் சொல்லுங்கள்.

---

கோப்புக்காரி | சென்னை | 2024 ஏப்ரல் 6

நான் ஃபீட்களைப் படிக்கும் பக்கம் வேலை செய்பவள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தரத்துக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதி சின்னச் சின்னது. ஒரு புலத்துக்கு விளக்கம் தெளிவில்லை, ஒரு வாக்கியம் சேர்க்கிறோம். ஒரு மதிப்பு கட்டாயமா விருப்பமா என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், சொல்கிறோம். இதற்கெல்லாம் மூன்று மாதம் காத்திருந்தால், அந்த மூன்று மாதமும் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி எழுதிக்கொண்டிருப்பார்கள். பிறகு அதைத் திருத்துவதுதான் பெரிய வேலை.

அடுத்தது, குவியல். இப்போது ஒன்றொன்றாக வருவதால்தான் படிக்கிறோம். ஒரே காலத்தில் ஆறு முன்மொழிவு வந்தால் ஒன்றையும் ஒழுங்காகப் படிக்க மாட்டோம். முதல் இரண்டைப் படித்துவிட்டு மிச்சத்துக்கு "ஆதரவு" போட்டுவிட்டுப் போவோம். நாள் குறித்தால் ஆள் வருவார்கள் என்பது நம்பிக்கைதான். ஆள் வராததற்குக் காரணம் நாள் தெரியாதது அல்ல, படிக்க நேரம் இல்லாதது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு எதிர்ப்பு வந்தாலே விழுந்துவிடும் என்ற விதியோடு நாட்காட்டியைச் சேர்த்துப் பாருங்கள். இன்றைய முறையில் கடைசி நாளில் யாராவது எதிர்த்தால், சரிசெய்து இரண்டு வாரத்தில் மறுபடி வாக்குக்கு விடலாம். உங்கள் முறையில் அடுத்த பருவம் வரை வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

---

ஆரெ_நதி | பேர்ண், சுவிஸ் | 2024 ஏப்ரல் 7

வணக்கம். "சுவிஸ் வேலை நாள்" எண்ட அந்த வசனம் பற்றி இங்கை இருந்து ஒரு விசயம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

கூகுளின்ரை போக்குவரத்துப் பிரிவு சூரிச்சில இருக்கிறபடியால்தான் அந்தச் சொல் விதிக்குள்ள வந்திருக்கும் எண்டு நினைக்கிறன். ஆனால் சுவிஸ் முழுக்க ஒரே மாதிரி விடுமுறை எண்டு பெரிசா ஒண்டும் இல்லை. மத்திய அரசு நாடு முழுக்கக் குடுக்கிற விடுமுறை ஓகஸ்ட் 1 மட்டும்தான். மிச்சமெல்லாம் அந்தந்த மாநிலத்தின்ரை முடிவு. மே 1 சூரிச்சில விடுமுறை, ஜெனீவாவில வேலை நாள். ஆகவே மே முதல் கிழமையில நடக்கிற வாக்கெடுப்பு எந்த நாளில முடியுது எண்டு கேட்டால், எந்த மாநிலத்தின்ரை சுவிஸ் எண்டு திருப்பிக் கேக்க வேணும்.

இதை நான் குறையாச் சொல்லேல்லை. ஆரம்பத்தில ஒரு சின்னக் குழு தங்களுக்கு விளங்கிற மாதிரி எழுதினது. நல்ல எண்ணத்தோடைதான் எழுதினவை: நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறைக்குள்ள ஒருத்தரும் பார்க்காத நேரம் வாக்கெடுப்பு முடிஞ்சிடக் கூடாது எண்டுதானே. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒரு நாட்டு ஆக்களுக்கு மட்டும் கிடைக்குது. இந்த வருசம் பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள் மூண்டும் திங்கள், செவ்வாய், புதன். அந்தக் கிழமை வாக்கெடுப்பு வைச்சிருந்தால் தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு மிச்சம் இருந்திருக்கிறது இரண்டு நாள். விதிப்படி ஒரு நாள்கூட நீட்ட மாட்டினம்.

முதலே தேதி போட்டால் இந்தச் சுவிஸ் நாள் கணக்கே தேவையில்லை. அந்தக் காரணத்துக்காகவே நான் தடம்எண் சொல்லுறதுக்கு ஆதரவு.

---

பழைய டைம்கீப்பர் | திண்டுக்கல் | 2024 ஏப்ரல் 7

வாசிச்சேன். டெப்போவுல டைம்கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பேத்தி இந்தப் பக்கத்தக் காட்டினா. கம்ப்யூட்டர் சமாச்சாரம் எனக்கு அவ்வளவா தெரியாது. ஆனா ரெண்டு கேள்வி கேக்கணும்.

தம்பி தடம்எண், இந்த மாத்தம் எல்லாம் வந்தா எங்க கண்டக்டருக்கு, பயணிக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லாம தேதி தேதின்னு பேசினா எங்க ஆளுங்க யாரும் படிக்க மாட்டாங்க.

ரெண்டாவது, எங்க ஊர் பஸ்ல ஸ்டேஜ் கணக்கு. டவுன் பஸ்ல 2021லருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. இதெல்லாம் அந்த ஃபைல்ல எழுத முடியுமா?

---

தடம்எண் | 2024 ஏப்ரல் 7

ஐயா, நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

பழைய கட்டணக் கோப்பில் ஒரு நிறுத்தத்துக்கு ஒரே ஒரு ஸோன் (கட்டணப் பகுதி)தான் எழுத முடியும். கட்டணத்தை "இந்த ஸோனில் ஏறி அந்த ஸோனில் இறங்கினால் இவ்வளவு" என்று ஜோடி ஜோடியாகச் சொல்ல வேண்டும். நம் ஸ்டேஜ் முறையை இதற்குள் கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொரு ஸ்டேஜையும் ஒரு ஸோனாக்க வேண்டும். 40 ஸ்டேஜ் உள்ள தடத்துக்கு 1600 ஜோடி. அதற்குமேல் ஒரு சிக்கல்: ஒரே நிறுத்தம் ஒரு தடத்தில் ஐந்தாவது ஸ்டேஜிலும் இன்னொரு தடத்தில் எட்டாவது ஸ்டேஜிலும் வரும். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு ஸோன் என்ற விதியில் அதை நேராக எழுத வழியில்லை. 2022 மே மாதம் தரத்துக்குள் வந்த புதிய கட்டண முறையில் ஒரு நிறுத்தம் பல பகுதிகளுக்குள் இருக்கலாம், ஆகவே கொஞ்சம் விடிவு.

பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை எழுதத் தரத்தில் இன்னும் இடமில்லை. பயணி யார் என்று சொல்லும் பகுதி வாக்குக்கு வந்து நிறைவேற வேண்டும். அதுவரை செயலியில் வழி தேடும் ஒரு பெண்ணுக்கு, சாதாரண நகரப் பேருந்தும் சொகுசுப் பேருந்தும் ஐந்து நிமிட வித்தியாசத்தில் இருந்தால், எது இலவசம் என்று அந்தச் செயலிக்குச் சொல்லத் தெரியாது. கையில் காசில்லாதவருக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியது.

அந்த முன்மொழிவு எழுதப்படும்போது யார் பேசுவார்கள்? மாணவர், முதியவர், மற்ற வயதுவந்தோர் என்று மூன்று வகையோடு பழகிய ஊர்க்காரர்கள் பேசுவார்கள். சலுகை ஆளைப் பொறுத்து மட்டுமல்ல, வண்டி வகையையும் பொறுத்தது என்பதை நாம் போய்ச் சொன்னால்தான் உண்டு. வாக்கெடுப்பு முடிந்த பிறகு சொன்னால், அது அடுத்த திருத்தமாகி, அதற்கு மறுபடி ஆண்டுகள் ஆகும்.

---

விதிநூல் | பெங்களூரு | 2024 ஏப்ரல் 8

மற்ற தரங்கள் இதை எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது உதவும். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிப்பு உண்டு, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

சி பிளஸ் பிளஸ் என்ற நிரல்மொழியின் முதல் தரம் 1998. அடுத்த பெரிய தரம் 2011. இடையில் 13 ஆண்டு. வேண்டியதெல்லாம் தயாரானதும் வெளியிடுவோம் என்று காத்திருந்ததன் விலை அது. 2011க்குப் பிறகு மூன்றாண்டுக்கு ஒரு வெளியீடு என்று முடிவெடுத்தார்கள்: 14, 17, 20. 23ஆம் ஆண்டின் தரத்துக்கும் தொழில்நுட்ப வேலையை அந்தக் கணக்குப்படியே முடித்தார்கள். கான்செப்ட்ஸ் என்ற பெரிய அம்சத்தை 2009இல் வரைவிலிருந்து எடுத்துவிட்டு, பக்குவமான பிறகு 20ஆம் ஆண்டின் தரத்தில் சேர்த்தார்கள். காண்ட்ராக்ட்ஸ் என்ற இன்னோர் அம்சம் 2019இல் அதேபோல் வெளியே போனது. அடுத்தது எப்போது வரும் என்று தெரிந்தால்தான் அரைகுறையானதை மனம் ஒப்பி வெளியே வைக்க முடியும். கோப்புக்காரி, நீங்கள் சொன்ன தாமதத்துக்கு என் பதில் இது. நாட்காட்டி இல்லாத இடத்தில்தான் "இப்போது விட்டால் எப்போது" என்ற பயத்தில் பாதி வெந்ததை உள்ளே தள்ளுகிறார்கள்.

இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டும் இதே பாதை. நான்காம் பதிப்பு 2008இல் கைவிடப்பட்டது. ஐந்தாவது 2009, ஆறாவது 2015. அதன்பிறகு ஆண்டுதோறும் ஜூனில் ஒரு பதிப்பு. அங்கே வாக்கு எண்ணுவதில்லை. ஆண்டில் சில முறை கூடி ஒருமித்த கருத்தைத் தேடுகிறார்கள். ஒரு முன்மொழிவு படிப்படியாக ஏற வேண்டும், கடைசிப் படிக்கு இரண்டு இடங்களில் செய்து காட்டியிருக்க வேண்டும். நம் "ஒரு தயாரிப்பவர், ஒரு பயன்படுத்துபவர்" விதிக்கு அது பங்காளி.

இணைய நெறிமுறைகளை எழுதும் ஐஇடிஎஃப் வாக்கெடுப்பையே ஏற்பதில்லை. கூட்டத்தில் முனகச் சொல்லி ஒலியின் அளவைக் கேட்பார்கள். அதையும் முடிவாகக் கொள்வதில்லை, பேச்சு எங்கே நிற்கிறது என்று அறியும் வழியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்பதைவிட, எதிர்ப்புக்குப் பதில் சொல்லப்பட்டதா என்பதுதான் அங்கே கேள்வி. 2014இல் வந்த ஆர்எஃப்சி 7282 என்ற அவர்களின் ஆவணம் இதைத்தான் விரித்துச் சொல்கிறது.

இனி எச்சரிக்கை. 2007 செப்டம்பரில் உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவில் மைக்ரோசாஃப்டின் ஓஓஎக்ஸ்எம்எல் ஆவண வடிவம் வாக்குக்கு வந்தது. வாக்கு முடியும் நாள் எல்லோருக்கும் முன்பே தெரியும். அந்த நாள் நெருங்க நெருங்க, அதுவரை ஒதுங்கியிருந்த பல நாடுகள் வாக்குக்குக் கூடுதல் எடை உள்ள உறுப்பினர்களாகப் பதிவு செய்துகொண்டன. முதல் வாக்கெடுப்பில் அந்த உறுப்பினர்களில் 32க்கு 17தான் ஆதரவு, மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் விழுந்தது. 2008 மார்ச்சில் 32க்கு 24 ஆகி நிறைவேறியது. இந்தியா இரண்டு முறையும் எதிர்த்தே வாக்களித்தது. பிறகு தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடும் செய்தது, பலிக்கவில்லை. நாளை முன்கூட்டிச் சொன்னால் நல்லவர்கள் மட்டும் தயாராக மாட்டார்கள். ஆள் சேர்ப்பவர்களும் தயாராவார்கள்.

ஆகவே என் நிலை: நாட்காட்டி வேண்டும். ஆனால் ஆதரவுத் தலைகளை எண்ணும் முறையோடு சேர்த்து அல்ல.

---

கோப்புக்காரி | 2024 ஏப்ரல் 8

விதிநூல், நீங்கள் காட்டிய எல்லாம் வெளியீட்டு நாட்காட்டி. தரத்தின் புதிய பதிப்பு எந்த மாதம் வரும் என்பது வேறு, அதில் என்ன சேரும் என்று எந்த நாளில் முடிவெடுக்கிறோம் என்பது வேறு. ஜிடிஎஃப்எஸ்க்குப் பதிப்பு எண்ணே கிடையாது. ஒரு கோப்பு சேர்கிறது, வேண்டாதவர் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், பழைய ஃபீடும் செல்லும். பழையதை உடைக்காதே என்பதுதான் அதன் முதல் கட்டளை. அப்படிப்பட்ட தரத்துக்கு சி பிளஸ் பிளஸ் நாட்காட்டி எதற்கு?

---

நெல்லை வரைபடம் | திருநெல்வேலி | 2024 ஏப்ரல் 8

யாரும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல காலமாக இருப்பவன். எங்களிடமும் வாக்கெடுப்பு உண்டு, நாட்காட்டி இல்லை. வரைபடத்தில் உள்ள ஒன்று என்ன வகை என்று சொல்லும் ஒரு குறிச்சொல்லை முன்மொழிந்தால் இரண்டு வாரம் கருத்து, பிறகு குறைந்தது இரண்டு வாரம் வாக்கு. 8 ஆதரவும் 75 விழுக்காடும் இருந்தால் ஏற்பு. பெரிய தொல்லை ஒன்றும் வந்ததில்லை.

காரணம் இருக்கிறது. எங்கள் வாக்கு யாரையும் கட்டாது. ஏற்கப்படாத குறிச்சொல்லையும் யாரும் வரைபடத்தில் போடலாம், பலரும் போட்டால் அது நிலைத்துவிடும். வாக்கில் தோற்றுப் புழக்கத்தில் ஜெயித்தவையும் உண்டு. ஜிடிஎஃப்எஸ் அப்படியில்லை. தரத்துக்குள் ஒன்று வந்த மறுகணம் சரிபார்ப்பு மென்பொருள் அதன்படி எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையைப் பார்த்து ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதுவார்கள். அமெரிக்காவில் குறித்த தடத்தில் ஓடும் பேருந்து நிறுவனங்கள் தங்கள் ஃபீடைப் பொதுவில் வைத்து அதன் முகவரியை அரசுக்குத் தர வேண்டும் என்று 2023 அறிக்கை ஆண்டிலிருந்து விதியாகிவிட்டது. கட்டிப்போடும் முடிவு என்றால், கட்டப்படப்போகிறவருக்கு முன்னறிவிப்பு கொடுக்கத்தானே வேண்டும்?

கோப்புக்காரி அக்கா, "வேண்டாதவர் கண்டுகொள்ளாமல் இருக்கலாம்" என்பது ஃபீடைப் படிப்பவருக்குப் பொருந்தும். தயாரிப்பவருக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் அவர் கண்டுகொண்டே ஆக வேண்டும்.

---

பழைய டைம்கீப்பர் | 2024 ஏப்ரல் 9

தம்பி சொன்னது எனக்குப் புரியுது. டெப்போவுல நேரம் மாத்தினா நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்க. ஒட்டாம மாத்தினா மறுநாள் காலைல டிரைவர் பழைய நேரத்துக்கே வந்து நிப்பான், வண்டி போயிருக்கும். தப்பு அவன் மேல இல்ல.

இதோ 19ஆம் தேதி நமக்கு ஓட்டு. மார்ச் 16லேயே தேதி சொல்லிட்டாங்க. வெளியூர்ல வேலை பாக்கற பிள்ளைக டிக்கெட் போட்டு வர நேரம் இருந்துச்சு. பத்து நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா பாதிப் பேர் வந்திருக்க மாட்டாங்க. ஓட்டுப் போட உரிமை இருக்குன்னு சொன்னா மட்டும் பத்தாது.

அந்த அம்மா கேட்டதும் நியாயம்தான். தேதி சொன்னாலும் படிக்க ஆள் வேணும். எங்க ஆபீஸ்ல இங்கிலீஷ்ல முப்பது பக்கம் வந்தா ஃபைலுக்குள்ள போயிடும். எங்க பஸ்ஸுக்கு இதுனால என்ன ஆகும்னு தமிழ்ல ஒரு பக்கம் எழுதிக் குடுத்தா, டிராஃபிக் மேனேஜர் கண்டிப்பா படிப்பார்.

---

ஆரெ_நதி | 2024 ஏப்ரல் 9

ஐயா சொன்ன ஒரு பக்கம்தான் முக்கியம். அதை எழுதுறதுக்கும் நாள் தெரிய வேணும். இப்ப வாக்கெடுப்பு அறிவிச்ச பிறகு எழுதத் தொடங்கினால், எழுதி முடியேக்கை வாக்கெடுப்பும் முடிஞ்சிடும். வாசகம் மூண்டு கிழமை முந்தி உறைஞ்சிட்டால் எழுதலாம், மொழிபெயர்க்கலாம், ஒரு பின்னேரம் சூமில கூடிக் கதைக்கலாம். இது தமிழுக்கு மட்டும் இல்லை, ஸ்பானிஷ், பிரெஞ்சு ஆக்களுக்கும் இதே கஷ்டம்தான்.

நிறுத்தப் பெயர்களைப் பல மொழியில எழுதுற கோப்பு 2020 ஜனவரியிலதான் தரத்துக்குள்ள வந்தது. தரம் தொடங்கி 15 வருசம். அதுக்கு முதல் கூகுள் தனக்கெண்டு ஒரு நீட்சி வைச்சிருந்தது. ஒரு ஊரில ரெண்டு எழுத்து ஓடும் எண்டது தெரிஞ்ச ஆக்கள் முதல் வருசங்களிலயே அந்த மேசையில இருந்திருந்தால் இவ்வளவு காலம் எடுத்திராது எண்டுதான் நான் நம்புறன்.

---

கோப்புக்காரி | 2024 ஏப்ரல் 10

நெல்லை வரைபடம் சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். கட்டாயமாகும் மாற்றத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரே நாட்காட்டி போடாதீர்கள். ஃபீட் தயாரிப்பவர் தன் கோப்பில் கை வைக்க வேண்டிய மாற்றம் ஒரு வகை. புதுக் கோப்பு, புதுப் புலம், விருப்பமாக இருந்தது கட்டாயமாவது எல்லாம் அதில் சேரும். சொல் திருத்தம், எடுத்துக்காட்டு சேர்ப்பது, ஏற்கெனவே எல்லோரும் செய்வதை எழுதி வைப்பது வேறு வகை. இரண்டாவது வகையை இப்போதுள்ளபடியே எந்த நாளிலும் நடத்த விடுங்கள். எது எந்த வகை என்று சந்தேகம் வந்தால், ஒரே ஒருவர் "இது என் ஃபீடை மாற்றுகிறது" என்று காரணத்தோடு சொன்னாலும் முதல் வகைக்குப் போகட்டும்.

கடைசி நாள் எதிர்ப்புக்கும் வழி சொல்லுங்கள். இதற்குப் பதில் வராமல் நான் நகர மாட்டேன்.

---

தடம்எண் | 2024 ஏப்ரல் 10

வகை பிரிப்பது சரியான யோசனை, அப்படியே எடுத்துக்கொள்கிறேன். முதல் வகைக்கு மட்டும் நாட்காட்டி.

கடைசி நாள் எதிர்ப்புக்கு: எதிர்ப்பவர் முதல் வாரத்துக்குள் காரணத்தோடு எழுத வேண்டும். என்ன மாற்றினால் ஆதரிப்பார் என்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் வாரம் பதில் சொல்வதற்கும், வாக்கை மாற்றிக்கொள்வதற்கும். அதற்குள் தீரவில்லை என்றால், திருத்திய வாசகத்தோடு நான்கு வாரம் கழித்து ஒரே ஒரு மறுவாக்கெடுப்பு, அடுத்த பருவத்துக்குக் காத்திருக்காமல். அதிலும் தீராவிட்டால் அடுத்த பருவம்தான். அந்த அளவுக்குத் தீராத எதிர்ப்பு என்றால் அதில் ஏதோ விஷயம் இருக்கிறது, மூன்று மாதம் ஒதுக்கலாம்.

குவியல் பயத்துக்கு: செய்து காட்டியிருக்க வேண்டும் என்ற விதி தளராமல் இருந்தால் ஒரு பருவத்தில் ஆறு வராது. போர்ட்டில் நேரம் எழுதியிருக்கிறது என்பதற்காக ஆள் ஏறாத வண்டியை ஓட்டத் தேவையில்லை. ஒன்றும் தயாராகாத பருவம் வாக்கெடுப்பில்லாமலே கழியட்டும். நாள் வந்துவிட்டதே என்று தயாராகாததை ஏற்றுவதுதான் ஆபத்து. அதனால் வாசகம் உறையும் நாளன்றே செய்து காட்டிய ஃபீடின் முகவரியும் பொதுவில் இருக்க வேண்டும். இப்போது வாக்கெடுப்புக்கு முந்தின நாள் காட்டினாலும் போதும். மூன்று வாரம் முன்பே காட்டினால் நாமும் அந்த ஃபீடைத் திறந்து, நம் தடங்களுக்கு இது பொருந்துமா என்று முயன்று பார்க்கலாம். எனக்கு இந்த மொத்த யோசனையிலும் பிடித்த இடம் இதுதான். வாக்கு நாளைவிட அந்த மூன்று வாரம்தான் நமக்கு வேண்டும்.

---

விதிநூல் | 2024 ஏப்ரல் 10

ஆள் சேர்க்கும் ஆபத்தைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. இன்றைய விதியில் ஒரு எதிர்ப்பே போதும் என்பதால் ஆதரவுக்கு ஆள் சேர்த்துப் பயனில்லை. அந்த ஒருமித்த விதியே காவல். ஒருநாள் அதைத் தளர்த்தி விழுக்காட்டுக்குப் போனால், நாட்காட்டியோடு சேர்ந்து அது 2007இன் கதையாகலாம். ஆகவே வரைவில் ஒரு வரி வேண்டும்: வாக்கோடு, வாக்களிப்பவர் ஃபீட் தயாரிக்கிறாரா, படிக்கிறாரா, பயணியா, எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்று அறிவிக்க வேண்டும். ஒரே நிறுவனத்திலிருந்து ஐந்து பேர் வந்தால் ஒரு வாக்கு.

---

நெல்லை வரைபடம் | 2024 ஏப்ரல் 11

தேதிகள் பற்றி. பிப்ரவரி சரி. மே இங்கே பள்ளி விடுமுறை, சிறப்புப் பேருந்துக் காலம், கழக அலுவலகங்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகஸ்ட் ஐரோப்பாவில் விடுமுறை மாதம். நவம்பரில் பல ஆண்டுகள் தீபாவளி விழும். எல்லா நாட்டுக்கும் ஒத்த மாதம் கிடைக்காது என்பது தெரியும். ஆனால் மே போய் ஜூன் கடைசி, ஆகஸ்ட் போய் செப்டம்பர் நடு என்று வைத்தால் பாதிப்புக் குறையும். நாலாவது பருவத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளினால் தீபாவளியும் தப்பும், நத்தாரும் தப்பும்.

---

ஆரெ_நதி | 2024 ஏப்ரல் 11

முடியிற நேரத்தையும் யோசியுங்கோ. யுடிசி 23:59:59 எண்டால் இந்தியாவில விடியப்புறம் 5:29, அமெரிக்கக் கிழக்கில பின்னேரம். கடைசி நாளில ஒரு எதிர்ப்பு வந்தால் அவையள் முழிச்சிருந்து பதில் எழுதுவினம், நீங்கள் நித்திரை. யுடிசி மத்தியானம் 12 மணிக்கு முடிஞ்சால் உங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, எங்களுக்கு மத்தியானம், அவைக்குக் காலமை. கலிபோர்னியாக்காரர் கொஞ்சம் வெள்ளென எழும்ப வேணும், அது பரவாயில்லை.

---

தடம்எண் | 2024 ஏப்ரல் 13

பேசியதையெல்லாம் சேர்த்து முதல் வரைவு:

ஃபீட் தயாரிப்பவரைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு ஆண்டுக்கு நான்கு வாக்கெடுப்புப் பருவம்: பிப்ரவரி, ஜூன் கடைசி, செப்டம்பர் நடு, நவம்பர் கடைசி. ஒவ்வொன்றும் 14 நாள், யுடிசி 12:00க்கு முடியும். அடுத்த ஆண்டுத் தேதிகள் செப்டம்பர் பருவத்திலேயே வெளியாகும். வாசகமும் செய்து காட்டிய ஃபீடும் 21 நாள் முன்பே உறையும். எதிர்ப்பு முதல் 7 நாளுக்குள், காரணத்தோடும் மாற்று வழியோடும். நான்கு வாரம் கழித்து ஒரு மறுவாக்கெடுப்பு உண்டு. வாக்களிப்பவர் யாருக்காகப் பேசுகிறார் என்று சொல்ல வேண்டும், ஒரு நிறுவனத்துக்கு ஒரு வாக்கு. சொல் திருத்தங்கள் இப்போதுள்ளபடியே எந்த நாளிலும்.

இதை ஆங்கிலத்தில் எழுதி அங்கே முன்மொழிகிறேன். முன்மொழிபவரின் வாக்கு சேராது என்பதால் உங்களில் மூவராவது அங்கே வந்து பேச வேண்டும்.

---

பழைய டைம்கீப்பர் | 2024 ஏப்ரல் 13

என் பேத்தி பேர்ல ஒரு கணக்குத் தொடங்கியிருக்கோம். நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா. பயணின்னு போட்டுக்கறேன். அந்த ஸ்டேஜ் கணக்கையும் டவுன் பஸ் விஷயத்தையும் ஒரு பக்கமா நானே தமிழ்ல எழுதித் தர்றேன், நீங்க இங்கிலீஷ்ல மாத்திக்கங்க. டெப்போ ஆளுங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பறது என் பொறுப்பு.

---

கோப்புக்காரி | 2024 ஏப்ரல் 14

வரைவைப் படித்தேன். ஒன்று விடுபட்டிருக்கிறது. மூன்று ஆதரவு போதும் என்ற வரியைத் தொடவே இல்லை. மூன்று வாரம் முன்பே வாசகத்தை உறைய வைத்து, ஒரு பக்கம் எழுதி, மொழிபெயர்த்து, அதன்பிறகும் மூன்று பேர் வாக்கில் ஒரு கோப்பு உலகம் முழுக்கக் கட்டாயமாகலாம் என்றால் இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தமில்லை. முதல் வகை மாற்றத்துக்குக் குறைந்தது 10 ஆதரவு, அதில் 4 ஃபீட் தயாரிப்பவர்கள், அந்த 4 பேரும் ஒரே நாட்டுக்காரர்களாக இருக்கக் கூடாது. இது சேர்ந்தால் நான் அங்கே வந்து ஆதரிக்கிறேன். சேராவிட்டால் எதிர்த்து எழுதுவேன், முதல் வாரத்திலேயே, காரணத்தோடு.

---

தடம்எண் | 2024 ஏப்ரல் 14

தயாரிப்பவர் 4 பேர், குறைந்தது இரண்டு நாடு என்பதைச் சேர்த்துவிட்டேன். 10 என்பதை 8 ஆக வைத்திருக்கிறேன். பத்துப் பேர் சேரும் வரை அந்தப் பயணி வகை மாற்றம் காத்துக் கிடக்கக் கூடாது என்பதுதான் என் கவலை. 8க்கு ஒப்புவீர்களா?

---

கோப்புக்காரி | 2024 ஏப்ரல் 14

ஒப்புகிறேன். ஆனால் இரண்டு நாடு போதாது, மூன்று.

---

தடம்எண் | 2024 ஏப்ரல் 14

மூன்று என்று மாற்றிவிட்டேன். 22ஆம் தேதி திங்கள் முன்மொழிவைப் போடுகிறேன். ஐயா, உங்கள் ஒரு பக்கம் 20ஆம் தேதிக்குள் வந்தால் போதும்.